விழாத தட்டைப் பிடித்த கதை

எனக்குப் பயப்படுவதற்குக் காரணம் தேவையில்லை. முதலில் பயந்துவிடுவேன், காரணம் பின்னால் ஓட்டோ பிடித்து வந்து சேரும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சந்தி வரை போய், காஸ் அடுப்பை நிற்பாட்டினேனா என்று திரும்பி வருவேன். அதைப் பார்த்துவிட்டு மறுபடி சந்திக்குப் போனால், வந்த அவசரத்தில் கதவைப் பூட்டினேனா என்று தோன்றும். சாதாரண தரச் சோதனைக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டதும் இந்தக் குணத்தால்தான். கணக்குப் பாடத்தை நினைத்துக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, பள்ளிக்கூடத்துக்கு நான் போகவில்லை. என் பெயர் சாந்தி. (பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாம்.)

என் தங்கை வினோ எனக்கு நேர் எதிர். வீட்டுக்கு வந்த பயம் முழுவதையும் நான் எடுத்துக்கொண்டதால் அவளுக்கு மிச்சம் இருக்கவில்லை. கம்பசில் ஓவிய வரலாறு படித்தாள். அதிலும் ஒல்லாந்து, பெல்ஜியம் பக்கத்துப் பழைய ஓவியங்கள். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த ஒரே ஓவியம் நகைக்கடைக் கலண்டர்.

அவளுக்குப் படிப்பித்த மெடம் பெல்ஜியத்தில் படித்து வந்தவர். அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. எந்த ஓவியத்தைப் பற்றி எழுதினாலும் அதன் முன்னால் போய் உட்கார்ந்து, சொந்தக் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

"புத்தகத்தில ஒரு வடிவான படம் இருக்கே, அதைப் பாத்து எழுதன்" என்றேன் நான்.

"அது படமில்லை அக்கா. படத்தின்ர பாஸ்போர்ட் போட்டோ" என்றாள் வினோ.

திருகோணமலையில் ஒல்லாந்து ஓவியத்துக்கு எங்கே போவது? ஒல்லாந்தர் கோட்டையைக் கட்டிவிட்டுப் போனார்களே தவிர, சுவரில் எதையும் மாட்டிவிட்டுப் போனதாகத் தெரியவில்லை. ஆனால் வினோ தேடிப் பிடித்தாள். உட்துறைமுக வீதியில் டொறத்தி அன்ரியின் பழைய வீடு. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக் குடும்பம்; கணவர் இறந்தபின் கேணல் என்ற கிழட்டு நாயோடு தனியாக இருந்தார். அவருடைய கூடத்தின் இருட்டு மூலையில், தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு படம் தொங்கியது.

அன்ரி இலேசில் சம்மதிக்கவில்லை. வினோ மாதக்கணக்கில் கேணலைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப் போய்த்தான் ஒரே ஒரு காலைப்பொழுதுக்கு அனுமதி வாங்கினாள். அதிலும் ஒரு நிபந்தனை. படத்தை ஆணியிலிருந்து கழற்றக்கூடாது.

"என்ர மனுசன் மாட்டினது. கழட்டுறதெண்டா அவர் வந்து கழட்டட்டும்" என்றார் அன்ரி. (அவர் மேலே போய்க் கனகாலம்.)

அந்தக் காலையில் மெடம் வந்து படத்தைப் பார்ப்பார். அவர் "ஓம்" என்றால் வினோவின் இறுதியாண்டு ஆய்வு அந்தப் படம்தான். "இல்லை" என்றால் அவளுக்கு வேறு படமும் இல்லை, அந்த வருடமும் இல்லை.

நான் அதற்குள் எப்படி வந்தேன் என்றால், ரோல்ஸ் வழியாக. வீட்டில் சோட் ஈட்ஸ் என்ற சிற்றுண்டிகள் செய்து துறைமுகப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுப்பதுதான் என் தொழில். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீரும் ரோல்சும் கொடுக்க என்னைக் கூட்டிப் போனாள்.

"அக்கா, ஒண்டையும் தொடாத. ஒண்டும் கதையாத. சரியோ?"

"நான் ஏன் கதைக்கிறன்?" என்றேன். வழி முழுவதும் இதையேதான் கதைத்துக்கொண்டு போனேன்.

மெடமும் வினோவோடு படிக்கும் பிள்ளைகள் சிலரும் வந்து கதிரைகளில் உட்கார்ந்தார்கள். மெடம் வெள்ளைக் கைத்தறிச் சேலை கட்டியிருந்தார். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

"முதல் அரை மணித்தியாலம் ஒருத்தரும் கதைக்கக்கூடாது. போன் வேண்டாம். பாருங்கோ. பிறகு கண்டதை மட்டும் சொல்லுங்கோ, நினைச்சதைச் சொல்ல வேண்டாம்" என்றார்.

கண்டதையும் நினைத்ததையும் பிரிக்கத் தெரிந்திருந்தால் நான் சோதனையே எழுதியிருப்பேன்.

குசினி வாசலில் நின்றபடி நானும் பார்த்தேன். ஒரு மேசை. வெள்ளைத் துணி. பாண் துண்டு. அரைகுறையாக உரித்த பெரிய தேசிக்காய். அதன் தோல் சுருள் சுருளாக மேசைக்கு வெளியே தொங்கியது. அது போகட்டும். ஒரு கிளாஸ் சரிந்து கிடந்தது. கத்தியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை ஓடிவந்தால் கண் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தட்டு, வெள்ளீயத் தட்டு, பாதி மேசையிலும் பாதி அந்தரத்திலுமாக இருந்தது.

யார் வைத்தது இப்படி? அந்த நாட்டில் அக்காமார் இல்லையா?

பார்க்கப் பார்க்கத் தட்டு இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது போல இருந்தது. படம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது தலைக்குத்தான். பயம் எனக்குக் கைகளில் இருக்கிறது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் உண்மையாகவே பயப்பட வேண்டிய பொருள் ஒன்று இருந்தது. படத்தைத் தூக்கிப் பிடித்திருந்த நைந்த கயிறு. அதை நான் திரும்பியும் பார்க்கவில்லை.

அரை மணித்தியாலம் முடிந்தது. மெடம் உதட்டைப் பிதுக்கினார்.

"வினோ, இந்த இருட்டில நிறமும் தெரியேல்லை, வேலைப்பாடும் தெரியேல்லை. ஒழுங்காப் பாக்க ஏலாத படத்தை வைச்சு என்னெண்டு எழுதப்போறீங்கள்?"

வினோவின் முகம் சுருங்கியது. அவள் முகம் சுருங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. தேத்தண்ணீர் குடித்தால் மெடத்தின் மனம் மாறும் என்று நினைத்து, தேத்தண்ணீரும் ரோல்சும் வைத்த தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். படத்துக்குப் பக்கத்தில் வந்தபோது துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஊதியது.

எங்கள் ஊரில் கப்பல் ஊதினால் யன்னலும் சேர்ந்து ஊதும். கூடத்து அலுமாரியில் இருந்த கண்ணாடிச் சாமான்கள் எல்லாம் கிணுகிணுவென்று நடுங்கின. படத்தில் தட்டு அசைந்தது. நான் கண்டேன்!

"ஐயோ, விழப்போகுது!"

என் கையில் இருந்த தட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அந்தத் தட்டைப் பிடித்தேன்.

தேத்தண்ணீர் மெடத்தின் சேலைக்குப் போனது. ரோல்ஸ் தரைக்குப் போய், அங்கிருந்து கேணலுக்குப் போனது. கயிறு அறுந்து, படம் சட்டத்தோடு என் கைகளுக்குள் வந்தது. (கயிறு அறுந்தபிறகுதான் நான் பிடித்தேன் என்பது என் கட்சி. நான் பிடித்ததால்தான் அறுந்தது என்பது வினோவின் கட்சி. இன்றுவரை தீர்ப்பு இல்லை.)

டொறத்தி அன்ரி மெல்ல எழும்பினார்.

"பிள்ளை, அந்தத் தட்டு என்ர மனுசன்ர பாட்டன் காலத்தில இருந்து அப்பிடித்தான் இருக்கு. நீ வந்து பிடிக்கும் மட்டும் விழேல்லை."

"சாந்தி" என்றாள் வினோ. அக்கா இல்லை, சாந்தி. பிறந்ததிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லில் அவளுடைய ஒரு வருடம் முழுவதும் அறுந்து தொங்கியது. படத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கடலில் போய் இறங்கிவிடலாம் என்று குனிந்தேன்.

"அசையாதேங்கோ!" என்று கத்தினார் மெடம். சேலையிலிருந்து தேத்தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்தார். "யன்னல் பக்கம் திரும்புங்கோ. இன்னும் கொஞ்சம். அப்பிடியே நில்லுங்கோ."

யன்னல் வெளிச்சம் படத்தில் விழுந்தது. இருட்டு மூலையில் மண்ணிறக் குழம்பாக இருந்தது திடீரென்று தேசிக்காய் மஞ்சளானது. சரிந்த கிளாசில் ஒரு குட்டி யன்னல் மினுங்கியது. பிள்ளைகள் மூக்கு முட்டும் தூரத்துக்கு வந்து பார்த்தார்கள். கீழே வைக்க இடமில்லை. தரை முழுக்கத் தேத்தண்ணீர், ரோல்ஸ், நாய். ஆகவே அந்த வகுப்புக்கு நானே சுவர், நானே ஆணி. மூக்கு கடித்தது.

"தும்மினியோ, தெரியும்" என்றார் அன்ரி.

அதுவரை வராத தும்மல் அப்போதுதான் கிளம்பி வரத் தொடங்கியது.

ரோல்சுக்கு ஈக்கள் வந்தன. அன்ரி கைக்குட்டையால் வீசி வீசிக் கலைத்தார். எல்லாம் பறந்தன, தேசிக்காயில் இருந்த ஒன்று மட்டும் போகவில்லை.

"பிள்ளை, ஊது" என்றார் அன்ரி.

ஊதினேன். போகவில்லை.

"வடிவா ஊது! பெடியளுக்குப் பலூன் ஊதினதில்லையோ நீ?"

வடிவாக ஊதினேன். ஈ அசையவில்லை. அன்ரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கைக்குட்டையைச் சுருட்டிக் கையை ஓங்கினார்.

"அன்ரி!" என்று மெடம் பாய்ந்து கையைப் பிடித்தார். "அது படத்தில கீறின ஈ!"

அன்ரி ஓங்கிய கையோடு நின்றார். கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் விழுந்து, பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"கலியாணம் முடிச்சு வந்த நாளில இருந்து இவர் இஞ்சதான் இருக்கிறார். ஒருநாளும் காணேல்லை நான்!" என்றார். ஈயைத்தான் சொன்னார்.

அந்தச் சிரிப்பு ஓயுமுன் மெடம் "ஓம்" சொல்லிவிட்டார். அன்ரியும் படத்தை யன்னலுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு மாட்டச் சம்மதித்தார். என் மூச்சு அப்போதுதான் திரும்பி வந்தது. கூடவே தும்மலும் வந்தது. நல்ல வேளை, படத்தை அதற்குள் வாங்கிவிட்டிருந்தார்கள்.

"வினோ ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து பாக்கலாம்" என்றார் அன்ரி. "மூத்தவள் மட்டும் கேற்றுக்கு உள்ள வரக்கூடாது."

அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. வினோ இப்போது அதே கம்பசில் படிப்பிக்கிறாள். தன்னிடம் படிக்கும் பிள்ளைகளை அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் உட்கார்த்துகிறாள். ரோல்ஸ் என்னுடையதுதான். ஆனால் நான் அதைக் கேற்றில் கொடுத்துவிட்டு, எங்கள் ஊர் வீதிகளில் மாடுகள் போலத் திரியும் மான்களுக்கு நடுவே ஓட்டோவில் இருப்பேன். கப்பல் ஊதினால் உள்ளேயிருந்து அன்ரியின் குரல் வரும்: "சாந்தி, பயப்பிடாத! தட்டு இருக்கு!"

வீட்டிலும் விடுவதில்லை. வினோ சாப்பிட வரும் நாட்களில் என் கணவர் தன் சோற்றுக் கோப்பையை மெல்ல மெல்ல மேசை விளிம்புக்குத் தள்ளுவார். எல்லோரும் கதையை நிறுத்திவிட்டு என் கையைப் பார்ப்பார்கள். என் கை போய் அதைப் பிடிக்கும். வீடு சிரிக்கும். போன ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் தள்ளினார். நான் பேசாமல் இருந்தேன். இன்னும் தள்ளினார். இருந்தேன்.

கோப்பை விழுந்து, மீன் குழம்பு அவர் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரத்தில் பரவியது.

அவர் குனிந்து சாரத்தைப் பார்த்தார். வினோ என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"ஏன் பிடிக்கேல்லை?"