எட்டு இடத்திலும் நானே மேலே

நாற்பத்தாறு வயதில் கையில் பச்சை குத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். அழகுக்காக அல்ல, ராஜதந்திரத்துக்காக.

விஷயம் இதுதான். என் மனைவிக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. ஒன்பது மாதத்துக்கு முன் அவளை மேற்பார்வையாளராக்கி, ரயிலில் பத்து மணி நேரம் போக வேண்டிய ஒரு கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் மாட்டுகிறவன். "நீங்களும் வாங்க. அங்கேயும் ஜனங்களுக்கு மூக்கு இருக்கும்" என்று போகும்போதே கூப்பிட்டாள். பெண்டாட்டி பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு போவதா? முடியாது என்றேன். ஒரே மாதத்தில் அலறியடித்துக்கொண்டு ஓடி வருவாள் என்பது என் எண்ணம். அலறியது நான்தான், அதுவும் வெளியே சத்தம் கேட்காமல்.

கடையில் கண்ணாடி துடைக்க நாலு வகைத் துணி இருக்கிறது. அவள் முந்தானையால் துடைத்துக் கொடுத்தால் வரும் தெளிவு ஒன்றிலும் வரவில்லை. பட்டன் போன சட்டைகள் ஏழு சேர்ந்துவிட்டன. நானே தைக்கலாம். தைத்துவிட்டால் அவள் வருவதற்கு ஒரு காரணம் குறைந்துவிடுமே என்று மடித்து வைத்திருக்கிறேன். திட்டு வாங்காமலே பொழுது விடிகிறது, வாங்காமலே போகிறது. இதெல்லாம் ஒரு வாழ்க்கையா?

அப்போதுதான் கண்ணாடி வாங்க வந்த ஒருவரின் மணிக்கட்டில் அதைப் பார்த்தேன். கெல்டிக் முடிச்சாம். தொடக்கமும் முடிவும் தெரியாமல் வளைந்து வளைந்து பின்னி ஓடும் கோடு. அவரவர் கதையைக் கேட்டு, அதற்கேற்பத் தனியாக வரைந்து குத்துவார்களாம். எனக்குப் பொறி தட்டியது. இப்படி ஒன்றைக் குத்திக்கொண்டு அவளிடம் காட்டினால் உருகிப்போய் மாற்றல் கேட்டு வந்துவிடமாட்டாளா?

டாட்டூக் கடைக்காரர் ஒல்லியான மனிதர். அவர் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

"என்ன அர்த்தம் வேணும்னு சொல்லுங்க சார். அதுக்கேத்த மாதிரி வரையறேன்."

"ரெண்டு இழை. கருநீலம் என் மனைவி. இளம்பச்சை நான். பிரிக்கவே முடியாத முடிச்சு."

அழகாகத்தான் வரைந்தார். இரண்டு இழைகளும் எட்டு இடங்களில் ஒன்றை ஒன்று கடந்தன. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தேன்.

"இங்க ஏன் பச்சை கீழ போகுது?"

"ஒண்ணு விட்டு ஒண்ணு சார். மேல, கீழ, மேல, கீழ. அதுதானே பின்னல்!"

"குடும்பத் தலைவன் கீழ போகலாமா? எட்டு இடத்துலயும் நான்தான் மேல."

"அப்ப அது முடிச்சே இல்லையே சார்!"

"பாக்கறவங்களுக்குத் தெரியவா போகுது?"

பெருமூச்சு விட்டபடி ஊசியை எடுத்தார். மூன்று மணி நேரம். ஊசி குத்தக் குத்த அவள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் "ஐயோ அம்மா" என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே வீடியோவில் கூப்பிட்டாள். வாயைத் திறக்க விடாமல் கையை நீட்டினேன்.

"என்னங்க இது, எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

"நல்லாப் பாரு. நீயும் நானும். பிரிக்க முடியாத முடிச்சு!"

அவள் கண் கலங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்க" என்றாள். தினமும் ஆயிரம் தையலைப் பார்த்து, பாதியைத் திருப்பி அனுப்புகிற கண் அது.

"இதுல நான் எது?"

"நீலம்."

"நீலம் எங்கயுமே மேல வரலையே?"

"அது வந்து..."

"எட்டு இடத்துலயும் கீழயே கிடக்கேன். இது முடிச்சு இல்லீங்க. ரெண்டு வளையத்தை ஒண்ணு மேல ஒண்ணு வச்சிருக்கு. ஊதினா தனித்தனியாப் போயிடும்."

"கலைக்கண்ணோட பாரேன்..."

"எட்டுலயும் நான் மேல வரணும்னு கேக்கலை. நாலு போதும்."

போனை வைத்துவிட்டாள். அன்று பூராவும் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள் வேண்டும். அவள் இல்லாமல் முடியவில்லை. இந்த இரண்டு வரியைச் சொல்ல வாய் வராமல்தான் ஊசியைத் தேடிப் போயிருக்கிறேன்.

புண் ஆறியதும் டாட்டூக் கடைக்குப் போனேன். "இளம்பச்சை மேல கருநீலம் ஏறும் சார். நேர்மாறா இருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்று நாலு இடத்தில் அவளை என் மேல் ஏற்றினார். அந்தக் காயமும் ஆறியது. வேலையை விட்டேன். பெட்டியைத் தூக்கினேன். ரயில் ஏறினேன்.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பிடித்தாள். நகத்தால் இழையைத் தொட்டுக்கொண்டே போனாள்.

"மேல, கீழ, மேல, கீழ... சரியா இருக்கு."

"வேலையை விட்டுட்டு வந்துட்டேன். இங்கயே ஏதாவது கண்ணாடிக் கடை பாத்துக்கறேன். நீ இல்லாம முடியலைடி."

அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அந்த ஞாயித்துக்கிழமை நான் கூப்பிட்டதே, நம்ம ஊருக்கு மாற்றல் கிடைச்சாச்சுன்னு சொல்லத்தான். உங்க கையைப் பாத்தேன். மறுநாளே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."