கடைசி ரீலில் கல்யாணம்

உலக சினிமாவைத் திருத்தியமைத்த பெருமை ஹாலிவுட்டுக்கே உரியது என்று நினைப்பவர்கள் மாதுங்காப் பக்கம் வந்ததில்லை. அந்த மகத்தான காரியம் 1946 ஆவணியில், எங்கள் 'சர்வதேசக் கலாசார அபிவிருத்தி சபை'யின் ஆண்டு விழாவில், ஒரு வாடகை புரொஜெக்டரைக் கொண்டு நடந்தேறியது. நடத்திக் காட்டியவர் காரியதரிசி ஜம்புநாதன். பகலில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. பொழுது சாய்ந்தால் உலக ஞானி. அங்கத்தினர்களான நாங்கள் பொழுது சாய்ந்தால் வெறும் பசியில் இருப்போம்.

விழாவுக்கு ஓர் இங்கிலீஷ் படம் தருவித்திருந்தார். மத்தியானம் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் ரீலில் கதாநாயகிக்கு ஜாம் ஜாமென்று கல்யாணம். போகப் போக இருமல். கடைசி ரீலில் ஆள் அவுட்!

வேறொரு நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். அன்றைக்குப் பிரதம விருந்தினர் செம்பூர் வேங்கடசுப்ரமணிய ஐயர். அவர் பிள்ளை கஸ்டம்ஸில் உத்தியோகம். மூன்று வருஷம் செருப்புத் தேய அலைந்து கிடைத்த வரன். ஜாதகம் பொருந்திவிட்டது, படம் முடிந்ததும் ஜம்புநாதனின் பெண் அம்மிணியைப் பார்த்துவிட்டு அங்கேயே வாக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. பெண் பார்க்க வந்த மனுஷருக்குப் பிணத்தைக் காட்டி வழியனுப்புவதா? சிவ சிவா!

"முதல் ரீலைக் கடைசியில் போடு" என்று உத்தரவிட்டார்.

மிஷின்காரர் மன்சூர் அலி தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே சாப், அவ மர் ஜாத்தீ ஹை! செத்த பொம்பளைக்கு ஷாதி, கல்யாணம், கைசா ஹோகா?"

"தும் மிஷின் சலாவ். கலாசாரம் ஹம் தேக்லேகா." மிஷினை நீ ஓட்டு, கலாசாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

முதல் ரீல் இல்லாமல் ஆரம்பித்தால் யாராவது கேட்பார்களே என்ற பயம் அவருக்கு இல்லை. எங்கள் சபையில் எந்த நிகழ்ச்சிக்கும் ஆரம்பத்தைப் பார்த்தவர் கிடையாது.

சாயங்காலம் முன்னுரை ஆற்றினார். "பிரெஞ்சுக்காரன் கதையை முத்தத்தில் முடிக்கிறான். ரஷ்யாக்காரன் தொழிற்சாலையில் முடிக்கிறான். ஜப்பான்காரன் முடித்தானா இல்லையா என்றே தெரியாது. அவரவர் சம்பிரதாயம் அவரவர் படம்! நம் சம்பிரதாயமோ மங்களம்!" இதில் எந்தப் படத்தையும் அவர் பார்த்ததில்லை. நாங்களும் பார்த்ததில்லையாதலால் கைதட்டல் பலமாக இருந்தது.

படம் ஓடியது. கதாநாயகி இருமினாள், படுத்தாள், போனாள். மாமிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விளக்கைப் போட்டு ரீல் மாற்றினார்கள். மறுபடியும் இருட்டு, திரையில் மணியோசை, பூமாரி, கல்யாணம். யார் எழுந்து என்ன கேட்கப் போகிறார்களோ என்று ஜம்புநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒருவரும் கேட்கவில்லை. "ரொம்பத் திருப்தி" என்று எங்களில் பலர் சொல்லிக்கொண்டோம்.

வேங்கடசுப்ரமணிய ஐயர் ஜம்புநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நானும் வெள்ளைக்காரனை என்னமோன்னு நெனச்சிண்டிருந்தேன், ஓய்! பொண்டாட்டி போனா. அடுத்த காட்சியிலே கல்யாணம். அழுதுண்டு உக்காரலை பாரும்! அப்படியே எங்காத்துலே நடக்கறாப்பல இருந்தது."

"உங்காத்துலயா?"

"பையனோட மொத ஆம்படையா வைகாசியிலே போயிட்டாளே. டைபாய்டு. தங்கமான பொண்ணு, பாவம். நீர் கேக்கலை, நாங்களும் சொல்லலை. அது கெடக்கட்டும், இந்த ஆவணியிலேயே முகூர்த்தம் வச்சிண்டுடலாமா?"

ஜம்புநாதனுக்கு, படத்தில் வந்த கல்யாணமே தன் கைவேலைதான் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது போலும்.

"இல்லை, மாமா... ரீலை நான்தான் மாத்திப் போடச் சொன்னேன். கடைசியிலே கல்யாணம் பண்ணிண்டவ வேற பொண்ணு இல்லை. செத்தாளே, அவளேதான்."

"அப்படியா? முகத்தை யாரு பாத்தா? கல்யாணம் நடந்துதோல்லியோ!"

பக்கத்து நாற்காலி மாமி, "நான் தங்கைக்காரியாக்கும்னு நெனச்சேன்" என்றாள். எங்களில் முக்கால்வாசிப் பேர் அவ்வளவுகூட நினைக்கவில்லை.

ஜம்புநாதன் திரும்பிப் பார்த்தார். பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக அம்மிணி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவர் வாயைத் திறக்கத்தான் திறந்தார். கஸ்டம்ஸ் உத்தியோகம் வந்து குறுக்கே நின்றுகொண்டது.

"அம்மிணி, மாமா கேக்கறார். நீ என்னம்மா சொல்றே?"

"எந்த ரீலுக்குப்பா சம்மதம் கேக்கறேள்?" என்றாள் அம்மிணி. "கல்யாணத்துக்கா, இல்லை, அதுக்கு முந்தி ஓடித்தே, அதுக்கா?"