மண்வெட்டியோடு ஒரு போட்டோ

என்னை யாராவது 'மேடம்' என்று கூப்பிட்டுவிட்டால் போதும், அறிவு கழன்று விழுந்துவிடும். இதை நான் புதூர்நாட்டு மலையில், ஊரே கூடியிருந்த சபையில் நிரூபித்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நூறு நாள் வேலைத் திட்டப் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கும் சமூகத் தணிக்கை வேலை. ஆலங்காயத்திலிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய் இறங்கினேன். (அரசாங்கப் பணத்தைக் காப்பாற்றப் போனவளுக்கு உட்கார இடமில்லை.)

அந்த ஊரிலிருந்து மெயின் ரோடு வரை மண்பாதை வேலை நடப்பதாகக் காகிதம் சொன்னது. போய்ப் பார்த்தால் உண்ணிச்செடியும் பாறையும்தான். கேட்டதற்கு, கூட வந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் அலமேலு அக்கா மட்டும் வாயைத் திறந்தார்.

"வேலையே ஆரம்பிக்கல. ஆளு வந்ததா எழுதி, கூலிய பொறுப்பாளரு ஆளுங்களே பிரிச்சிக்கிறாங்க. நான் சபையில சொல்றேன். அப்புறம் எனக்கு வேலை குடுக்க மாட்டாங்க. நீ கூட நிப்பியா?"

"நான் இருக்கேன்க்கா" என்றேன். குரல் கணீரென்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பணித்தளப் பொறுப்பாளர் டீயோடு வந்தார். "மேடம், இவ்ளோ தூரம் மலையேறி வந்துக்கிறீங்க. ஞாபகத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?"

மண்வெட்டியை நீட்டினார். நான் துப்பட்டாவைத் தலையில் கட்டி, குனிந்து ஓங்கினேன். "சும்மா நிக்காதீங்கக்கா, வெட்டுற மாதிரி நில்லுங்க" என்று சுற்றி நின்ற பெண்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்ததும் நானேதான். (நூறு நாள் வேலைக்கு வருகைப்பதிவே போட்டோதான் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அன்று நான் தூங்கியிருக்க வேண்டும்.)

மறுநாள் கிராமசபை. அலமேலு அக்கா எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். நான் கம்பீரமாக வாசித்தேன்: "பாதை வேலை தொடங்கப்படவே இல்லை."

பொறுப்பாளர் பணிவாகத் தன் போனை, சபை நடத்த வந்திருந்த அதிகாரியிடம் கொடுத்தார். "நேத்து கூட வேலை நடந்துச்சிங்க சார். மேடமே செஞ்சாங்க."

அதிகாரி போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படத்தின் ஓரத்தில் இடம், தேதி, நேரம் எல்லாம் இருந்தன.

"இது நீங்கதானேம்மா?"

"ஆமா சார்... ஆனா அது சும்மா போஸு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. 'புகைப்பட ஆதாரம் உள்ளது' என்று எழுதி என் புகாரை முடித்துவிட்டார்கள். அலமேலு அக்கா சிரிக்கவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த வேலைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மூன்று மனு போட்டேன். மூன்றுக்கும் பதில் வந்தது, என் போட்டோவை இணைத்து.

இதை என் அண்ணனிடம் சொன்னது அடுத்த முட்டாள்தனம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பாத்திரம் கழுவாமல் நழுவினால், "இன்னா, போட்டோ எடுத்துக்கினியா?" என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு பிரியாணி கிண்டாமலே கரண்டியோடு போஸ் கொடுப்பான் அண்ணன். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன்.

போன மாதம் மலைக்குப் போயிருந்தேன். அதே உண்ணிச்செடிகளை ஒதுக்கிக்கொண்டு, தலையில் புளிமூட்டையோடு அலமேலு அக்கா இறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் 'பணி முடிவுற்றது' என்று சிமெண்ட் பலகை.

அந்தப் பலகையைப் பற்றி மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அதற்கும் சிரிப்பார்கள்.