நண்டுச் சுருட்டு

பெண்டாட்டியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று சென்றாயன் தீர்மானித்தபோது அவன் வாய் நிறைய நண்டு இருந்தது. வருஷம் முழுக்க மென்று முழுங்கிய உண்மை அது. துப்புவது அத்தனை சுலபமில்லை.

மலைமேல் எடப்புளி நாட்டில் அவனுக்குச் சாமைக் காடும் மிளகுக் கொடிகளும் உண்டு. வாராவாரம் மிளகோடு மலையிறங்கி பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போவான். வழியில் ஓடைக்கரையில் பொங்கியண்ணன் கடை. கடை என்றால் நாலு மூங்கில், மேலே புல்லுக் கூரை, ஓர் அடுப்பு. உட்கார ஓடைப் பாறைகள்.

பொங்கியண்ணன் சென்னைப்பட்டணத்தில் துரைமார்கள் சாப்பிடுகிற இடத்தில் பாத்திரம் கழுவியவர். சப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியானபோது இவரும் ஓடி வந்துவிட்டார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. துரைமார்கள் ரொட்டியைப் பிளந்து சிங்கி இறாலை அடைத்துத் தின்றது மட்டும் கண்ணிலேயே நின்றது. மலையில் ரொட்டிக்கு எங்கே போவது, சிங்கி இறாலுக்கு எங்கே போவது? ராகி அடை இருந்தது. ஓடையில் நண்டு இருந்தது. கோயில் ஆற்று மீனைத்தான் யாரும் தொடக்கூடாது. நண்டுக்குச் சாமி காவல் இல்லை. மிளகும் பூண்டும் இடித்துப் போட்டு நண்டை வதக்கி, சுடச்சுட அடையில் வைத்துச் சுருட்டி, தேக்கிலையில் கொடுத்தார். பேர் நண்டுச் சுருட்டு.

சென்றாயன் பெண்டாட்டி கண்ணாயி, கடை போட்ட முதல் வாரமே கேட்டாள்.

"ஏனுங்க, ஓடக்கரையில நண்டு வறுக்கறாங்களாமா? என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்க."

சென்றாயனுக்குப் பகீரென்றது. கல்யாணமான புதுசில் ஒரு சட்டி நண்டைத் தின்று முடித்து, ஓட்டை மட்டும் அவனுக்கு மிச்சம் வைத்தவள் அவள். அதுவும் போக, பாறைமேல் கால்மேல் கால் போட்டு, கூட்டாளிகளோடு தின்பதில் ஒரு மிடுக்கு இருந்தது. பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் காலை இறக்க வேண்டிவரும்.

"நண்டா? உனக்கு ஆவாது புள்ள. அன்னிக்கு வைத்தியரு நாடி பாத்தப்பவே சொல்லிட்டாரு. தின்னா ஒடம்பெல்லாம் கரப்பான் வந்து அரிக்குமாமா."

"நாடியப் பாத்து நண்டச் சொன்னாருங்களா?"

"உன்ற நாடி பக்கவாட்டுல ஓடுதாமா. நண்டாட்ட."

கண்ணாயி தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தாள். "அப்பிடித்தானுங்க தெரியுது" என்றாள்.

அதிலிருந்து சந்தை நாள் வந்தாலே சாயங்காலம் இதே பேச்சு.

"ஏனுங்க இத்தன நேரம்?"

"வழியில ஒரு சுருட்டுக்கு ஒக்காந்தேன்."

"பொகை வாசமே காணமுங்களே?"

"ஒசந்த சுருட்டு புள்ள. பொகையே வராது."

"சரீங்க. மீசையில சாம்ப ஒட்டியிருக்குது, தொடச்சுக்கங்க. செவப்பா இருக்குது."

பொய் சொல்லவில்லை, சுருட்டைத்தானே சுருட்டு என்றோம் என்று அவன் மனசைத் தேற்றிக்கொள்வான். மனசு தேறாது. அவள் களியைச் சூடாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் பசியில்லை என்பான். "சந்தைக்குப் போய்ட்டு வந்தாலே உங்குளுக்குக் களி எறங்க மாட்டேங்குது. எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்கிட்டேனுங்க" என்பாள். அன்றைக்கு ராத்திரி நண்டு அவன் வயிற்றுக்குள் நடக்கும்.

இப்படியிருக்க, ஒரு சந்தை நாள் சாயங்காலம் கடைக்கு ஒரு கிழவரும் கிழவியும் வந்தார்கள். ஒரே இலை வாங்கினார்கள். கிழவர் நண்டுக் கொடுக்கைக் கல்லால் தட்டி, உள்ளிருந்த சதையை எடுத்து, ஊதி ஊதிக் கிழவி கையில் வைத்தார். சென்றாயன் மெல்லுவதை நிறுத்தினான். தன் கையிலிருந்து கண்ணாயி வாங்கித் தின்ற சாமான் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. தீர்மானம் எடுத்தது அப்போதுதான்.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். பாதி வழியில் தொண்டையைச் செருமினான்.

"கண்ணாயி, வைத்தியரு அப்பிடி ஒண்ணும் சொல்லல."

"எதுங்க?"

"நண்டு சமாச்சாரம். நானாக் கட்டுனது. வாராவாரம் நாந் தின்னுட்டு வந்தேன், உன்னைய உட்டுப்போட்டு."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சென்றாயன் பதறிப்போய் அவள் முன்னால் வந்து நின்றான்.

"அழுவாத சாமி."

"அழுவலீங்க. நடங்க" என்றாள், முந்தானையை எடுக்காமலே.

பொங்கியண்ணன் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினார். சென்றாயனைத் தாண்டிப் பார்த்தார்.

"வாங்க அம்மணி! நேத்துக் காலையிலதானுங்களே வந்தீங்க? இன்னிக்குச் சந்தைகூட இல்லீங்களே?"

சென்றாயன் திரும்பினான். கண்ணாயி முந்தானையை எடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க மொளகு மூட்டையோட எறங்குனதும் பின்னாலயே நானும் எறங்கிருவேனுங்க. முட்டை குடுத்து நண்டு வாங்கிக்குவேன். நீங்க ஏறி வாரதுக்குள்ள ஊடு போய்ச் சேந்துருவேன்."

"எப்பருந்து?"

"என்ற நாடி நண்டாட்ட ஓடுன வாரத்துலருந்துங்க."

பொங்கியண்ணன் ரெண்டு இலையைக் கொண்டுவந்தார். அவள் இலையில் அடை பிதுங்க வெள்ளைச் சதை. நடுவே மஞ்சளாக நண்டுக் கரு. அவன் இலையில் எப்போதும் போல நண்டுக் கால்.

"இதென்ன, எனக்கு மட்டும் காலு?"

"உங்குளுக்கு வவுறு மந்தமாமே? காலு மட்டும் வெச்சுச் சுருட்டுங்கன்னு அம்மணி அப்பவே சொல்லிட்டாங்களே."

'பொங்கியண்ணன் நண்டாட்ட உண்டா' என்று சென்றாயன் நாடெல்லாம் பேசித் திரிந்தது அத்தனையும் வெறும் காலைப் பற்றி.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் போய் உட்கார்ந்த பாறையைப் பார்த்தான். சாயங்காலமானால் அவன் உட்காருகிற அதே பாறை. காலையில் அவள், சாயங்காலம் அவன். ஒரே தண்ணீரை ஆளுக்கொரு நேரமாகப் பார்த்திருக்கிறார்கள்.

மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏங் கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கூப்புடுவீங்கன்னு பாத்தேனுங்க. இங்க வந்துக்கிட்டே, மழக்காலம் ஓயற வரைக்கும் பாத்தேன்." ஒரு வாய் தின்றாள். "கூப்புடல."

அவன் அடையை இலையில் திருப்பி வைத்தான்.

"தப்புத்தான், கண்ணாயி. போன வருசத்தத் திருப்ப முடியாது. இனிமே வாராவாரம் சோடியாவே வருவோம். இப்பிடியே பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து தின்னலாம்."

கண்ணாயி விரலை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டே யோசித்தாள்.

"வரலாமுங்க. ஆனா நீங்க அந்தப் பக்கத்துப் பாறைக்குப் போயிருங்க. தனியாத் தின்னே எனக்குப் பழகிப்போச்சு."