மாக்ஸன் கடிக்காத காது

பொன்ட்லாஸ்,
மார்ச் 9

அன்பும் மரியாதையும் மிக்க ஹெவின் அத்தானுக்கு, இட்வல் எழுதிக்கொள்வது. இங்கே நான், நெரிஸ், நாய் மூவரும் சுகம். அங்கே நீங்களும் என் அக்காவும் சுகம்தானே? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அக்கா அனுப்பிய கேக் உடையாமல் வந்து சேர்ந்தது. விசாரிப்பெல்லாம் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரக்பி ஆட்டத்தில் எதிரணி பார்னபியின் காதைக் கடித்தான் என்று என் மகன் மாக்ஸனுக்கு உங்கள் ஒழுங்கு நடவடிக்கைக் குழு வியாழக்கிழமை விசாரணை வைத்திருக்கிறது. "நான் பையனுக்கு மாமா முறை, இதில் உட்கார மாட்டேன்" என்று நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்களாம். தப்பாக நினைக்காதீர்கள் அத்தான், சொந்தக்காரர் ஒருவர் குழுவில் இருப்பதே இப்படிப்பட்ட நேரத்துக்குத்தானே? சும்மா இருக்கிற நாளில் உறவு கொண்டாடி என்ன செய்ய? நீங்கள் உட்கார வேண்டாம், இந்தக் கடிதத்தையாவது உட்காருகிறவர்களிடம் கொடுங்கள்.

ரக்பி ஆடுகிறவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் கிளப்பிலேயே ஒருத்தன் குடித்துவிட்டுப் பால் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நீச்சல் குளத்தில் இறக்கினான். இன்னொருத்தன் சதை ஏற ஏதோ பொடியைத் தின்றுவிட்டு, சோதனை செய்ய வந்தவரிடம் அது பாட்டியின் மூட்டுவலி மருந்து என்று சொன்னான். அந்தப் பாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அவனுக்கெல்லாம் ரசிகர்கள் கை தட்டுகிறார்கள். வாயைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தை பேசாத என் பிள்ளைக்குப் பன்னிரண்டு வாரத் தடையா? அடுக்குமா இது?

நடந்தது இவ்வளவுதான். எங்கள் மைதானத்தில் எல்லைக் கோட்டை ஒட்டி ஒரு பலகை பெஞ்சு இருப்பது உங்களுக்குத் தெரியும். எடுங்கள் எடுங்கள் என்று லீக் போட்டி நடத்துகிறவர்கள் நாலு கடிதம் போட்டும் எடுக்காத பெஞ்சு. நாற்பது வருஷமாக என் இடம் அதுதான். அன்றைக்கு ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, இரண்டு பக்கத்துத் தடியன்களும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டே கோட்டைத் தாண்டி எங்கள் மேலேயே வந்து விழுந்தார்கள். பெஞ்சு இரண்டு துண்டு. குவியலைப் பிரித்தால் பார்னபி காதைப் பிடித்துக்கொண்டு அலறுகிறான். டிவிக்காரர்கள் எட்டு முறை போட்டுக் காட்டினார்கள். தெரிந்ததெல்லாம் மூன்று பேருடைய பின்பக்கம். "யார் செஞ்சது?" என்று ரெஃப்ரி கேட்டார். மாக்ஸன் கையைத் தூக்கிவிட்டான்.

கடிக்காதவன் எதற்குக் கையைத் தூக்க வேண்டும்? எல்லாம் உங்கள் சட்டம் செய்கிற வேலை! முதலிலேயே ஒப்புக்கொண்டு, டை கட்டி, தலையைக் குனிந்து, மன்னிப்புக் கடிதம் எழுதினால் தண்டனையில் பாதி தள்ளுபடியாம். கிளப் வக்கீல் எங்கள் வீட்டுக்கே வந்து என் பிள்ளைக்கு வருத்தப்படக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். "இன்னும் கொஞ்சம் சோகமா மூஞ்சிய வெச்சுக்கப்பா, இது பசியில இருக்கிற மூஞ்சி" என்றார். பெற்றவள் நெரிஸ் அவனுக்குப் புது கோட்டும் சட்டையும் வாங்கித் தந்தாள். சட்டையின் கழுத்துப் பட்டன் போட முடியவில்லை.

நான் மகனிடம் நேராகவே கேட்டேன். "ஏண்டா, செய்யாததுக்கு ஏண்டா தலை குடுக்கற?"

"விடுங்கப்பா. ஒத்துக்கிட்டா ஆறு வாரந்தான்."

"ஆறு வாரமா! இருபத்திரண்டாந்தேதி நாட்டுக்காக வேல்ஸ் சட்டை போடப் போறவன்டா நீ. பத்து வருஷமா இதுக்குத்தானடா மழையில உருண்ட?"

"அப்பா, நீங்க பேசாம இருங்க. உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

பேசாமல் இருப்பதா? என் கறிக்கடைக்கு வருகிறவன் போகிறவனெல்லாம், "இட்வல், அரைக் கிலோ காது இருந்தாப் போடு, எலும்பில்லாம" என்கிறான். பாதிரியார் எட்வின்கூட, தொத்திறைச்சி வாங்க வந்தவர், "பையனுக்கு வீட்ல சாப்பாடு பத்தலையா?" என்று சிரிக்கிறார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொன்னேன். மாக்ஸன் கடிக்கவில்லை அத்தான். எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று குழுவில் யாரும் கேட்க வேண்டாம், பெற்றவனுக்குத் தெரியாதா? கடித்த அயோக்கியன் எவனோ நிம்மதியாகத் தின்று தூங்குகிறான், என் பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று வருத்தப்படப் பழகுகிறான். அந்த அயோக்கியன் நாசமாகப் போக.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்காக ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேண்டிக்கொள்கிறோம். கர்த்தர் உங்கள் வீட்டில் குறையில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
இட்வல்

பி.கு.: உறை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. கடித்தது நான். அவர்கள் என் மேல் விழுந்தபோது பார்னபியின் கட்டைவிரல் என் பிள்ளையின் கண்ணுக்குள் இருந்தது, பார்னபியின் காது என் வாய்க்கு நேராக இருந்தது. வேறு எதுவும் அசைக்க முடியவில்லை அத்தான், வாய் மட்டும்தான் சும்மா இருந்தது. இத்தனை வருஷம் இறைச்சி வெட்டுகிறேன், பச்சையாக வாயில் வைத்தது அன்றைக்குத்தான். மாக்ஸன் பார்த்துவிட்டான். எழுந்ததும் என்னை மறைத்துக்கொண்டு நின்றான், அப்புறம்தான் கையைத் தூக்கினான். இதைக் குழுவிடம் கொடுத்து அவனை ஆட விடச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ள எனக்கு ஒன்பது நாள் ஆகிவிட்டது, பாதி தள்ளுபடி கிடைக்காது என்று தெரியும். ஆயுள் முழுக்க மைதானத்துக்குள் வரக் கூடாது என்றாலும் சரி, வேல்ஸ் சட்டையில் அவனை வீட்டு டிவியில் பார்த்துக்கொள்கிறேன். நெரிஸுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்குள் விடவில்லை என்றால் இருபத்திரண்டாம் தேதி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.