சாம்பாருக்குப் போன மூன்றாம் குழாய்

பிள்ளைகளே, முள்ளங்கியைக் குழம்புக்கு வாங்காமல் இன்ஜினுக்கு வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலேசியாவில், யோங் பெங் என்ற ஊரில் இருக்கிறார். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் வேண்டும். அது அவருடைய அடையாள அட்டைக்குத் தெரியும். எங்களுக்கு அவர் முள்ளங்கி அண்ணன். தொழில் வெல்டிங்.

நான் ஒரு பழைய டீசல் பிக்கப்பில் காய்கறி ஏற்றி ஜொகூர் பாரு சந்தைக்குக் கொண்டுபோகிறவன். ஒரு வியாழக்கிழமை, இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் இரும்புப் பாகம் வெடித்துவிட்டது. வண்டி இருமியது. ஏற்றத்தில் லாரிகள் முந்தின. பிறகு ஒரு டிராக்டர் முந்தியது; அதை ஓட்டியவர் கையசைத்துவிட்டு வேறு போனார். கடைகளில் கேட்டால், இந்த வண்டிக்கு இனிமேல் அந்தப் பாகமே வராது என்றார்கள். காய்கறி முதலாளியோ, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் சரக்கு வராவிட்டால் வேலை வேறு வண்டிக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். எனக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான்.

முள்ளங்கி அண்ணன் இன்ஜினுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "கவலப்படாத தம்பி, நானே புதுசா செஞ்சி தரேன். டர்போ இனிமே பாட்டுப் பாடும்."

டர்போ என்றால் ஒரு காற்றாடி. இன்ஜினின் நான்கு சிலிண்டர்களும் விடும் சூடான புகை, நான்கு குழாய் வழியாக வந்து அதைச் சுற்றிவிடும். அது சுற்றினால் இன்ஜினுக்குள் காற்று கூடுதலாகப் போகும், வண்டிக்குப் பலம் வரும். அந்த நான்கு குழாய்களையும் இண்டு இடுக்கில் வளைத்து வளைத்துக் கொண்டுவருவதுதான் வித்தை. மற்றவர்கள் கம்பியை வளைத்து அளவெடுப்பார்கள். இவர் வெள்ளிக்கிழமை காலையில் சந்தைக்குப் போய், மாப்பிள்ளை பார்ப்பதுபோல் ஒவ்வொரு முள்ளங்கியாகத் தடவிப் பார்த்து நான்கு கிலோ வாங்கிவந்தார். சாய்வாகத் துண்டு போட்டார். துண்டுக்குத் துண்டு பல்குச்சி குத்தி வளைவாக இணைத்தார். இன்ஜினில் பொருத்திப் பார்த்தார். முள்ளங்கி வளைந்தபடியே பிறகு எஃகு வளையும். அதுதான் அவர் கணக்கு.

மூன்றாவது குழாய்தான் பாடாய்ப் படுத்தியது. ஸ்டீயரிங் தண்டுக்கும் டர்போவுக்கும் நடுவே அது நுழைந்து போக வேண்டும். அரை நாள் போராடி, ஏழு துண்டில் அதை முடித்தார். நான்கிலும் மை பேனாவால் எண் எழுதித் தட்டில் அடுக்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் தட்டில் மூன்றாம் எண் குழாயைக் காணோம்.

"ஏய், மூணாவது சிலிண்டர் எங்க?"

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "சாம்பார்ல!"

"அலமாக்! நம்பர் எழுதியிருந்துச்சே!"

"கழுவிப் பாத்தேன், போகல. அதான் தோலச் சீவிட்டேன். நீங்களே துண்டு போட்டு வச்சிருக்கீங்க, வேலை மிச்சம்னு எடுத்தேன்."

அண்ணன் கோபப்படவில்லை. சாம்பார்ப் பானையைத் தூக்கிவந்து, கரண்டியால் துண்டு துண்டாக எடுத்துத் தட்டில் வைத்து, ஒவ்வொன்றின் சாய்வையும் அளந்தார். வெந்தால் ஒரு மில்லிமீட்டர் உப்பும் என்று கழித்துக்கொண்டார். ஆறு துண்டுதான் வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தேன்.

"தின்னுட்டியா?"

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணே."

"எந்தத் துண்டு? ரொம்பச் சாய்வா இருந்துச்சா, கொஞ்சமாவா?"

"புளிப்பா இருந்துச்சு."

"புளிப்ப வச்சி நான் எப்படி லா வெல்டிங் பண்றது?"

"வேற முள்ளங்கி வாங்கிட்டு வரட்டா அண்ணே?"

"மறுபடியும் அர நாளா? உனக்குத் திங்கக்கிழம வண்டி வேணுமா, வேணாமா?"

என்னிடம் காகிதம் கொடுத்து, நான் தின்றதை வரையச் சொன்னார். வரைந்தேன். "இது முறுக்கு" என்று கசக்கிப் போட்டார். கடைசியில் அதே சாம்பாரிலிருந்த ஓர் உருளைக்கிழங்கைச் செதுக்கி, ஆறு துண்டுக்கும் நடுவே நுழைத்துப் பார்த்துத் தலையாட்டினார். என் குடும்பத்தின் பிழைப்பு ஓர் உருளைக்கிழங்கில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எஃகை அறுத்தார், பற்றவைத்தார், பொருத்தினார். மூன்றாவது குழாய் தண்டில் உரசாமல் நுழைந்தது. ஒரு காகிதம் போகும் அளவுக்குத்தான் இடைவெளி, ஆனால் போதும். இன்ஜினைப் போட்டேன். இருமல் இல்லை.

திங்கட்கிழமை விடியும் முன்பே சரக்கு ஏற்றினேன். அண்ணன் ஸ்பேனரோடு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

"மொத ஓட்டத்துக்கு நான் இல்லாம எப்படி? எந்தக் குழாய் அழுதாலும் எனக்குக் கேக்கும். நீ ரோட்டப் பாரு, நான் சத்தத்தப் பாத்துக்கறேன்."

நெடுஞ்சாலை ஏறி ஐந்து நிமிடத்தில் குறட்டை விட்டார்.

என் பிக்கப் அன்று ஏற்றத்தில் மூன்று லாரிகளை முந்தியது. உற்சாகத்தில் கத்தலாம் என்று திரும்பினேன். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் தீப்பொறி சுட்ட ஓட்டைகள், கட்டைவிரலில் கொப்புளம். கத்தவில்லை.

ஏழே முக்காலுக்குச் சந்தை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். சரக்கை இறக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். வேலை தங்கிவிட்டது. மூட்டை தூக்க வந்தவர்களிடம், "மெதுவா இறக்குங்க லா, ஆள் தூங்குறாரு" என்றேன்.

இறக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. டீசல் வீணாகிறதே என்று ஒருவர் இன்ஜினை அணைக்கப் போனார். நான் தடுத்துவிட்டேன். அந்தச் சத்தம் நின்றால் அண்ணன் எழுந்துவிடுவார்.