இப்ப வரும் பாருங்க

நம் ஊர்ப்பக்கம் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பரவலாகக் காணப்படும் உயிரினம் ஒன்று உண்டு. எண்பதுகாரர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஆளுக்கு வயது ஐம்பதுதான் இருக்கும். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுக்கும் எண்பத்துநாலுக்கும் நடுவே வெளிவந்த சினிமாப் பாட்டுகளைத் தவிர இந்த உலகத்தில் இசை என்று ஒன்று உருவானதே கிடையாது என்று முழுமனதாக நம்புகிறவர் அவர்.

உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில் கட்டாயம் ஒருவர் இருப்பார். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. எங்கேயாவது அந்தக் காலத்துப் பாட்டு ஒன்று ஒலித்தால் போதும், பேசிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, சாம்பார் சொட்டும் ஆள்காட்டி விரலை மேலே தூக்கி, "இப்ப வரும் பாருங்க" என்பார். என்ன வரும்? பாயசமா? இல்லை. வயலின் வரும். பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில், பாடகர் மூச்சு வாங்கும் நேரத்தில், எட்டுப் பத்து வயலின்கள் சேர்ந்து எழும்பும். அப்போது அவர் பாட்டைக் கவனிக்க மாட்டார். உங்கள் முகத்தைக் கவனிப்பார். வயலின் எழும் இடத்தில் உங்கள் கண்கள் தாமாக மூடிக்கொள்ள வேண்டும், தலை லேசாக ஆட வேண்டும், முடிந்தால் ஒரு பெருமூச்சும் வர வேண்டும். வராவிட்டால் உங்களுக்கு அதே பாட்டு மறுபடியும் முதலிலிருந்து.

எனக்கு வாய்த்த எண்பதுகாரர் ராஜவேல். கடலூரில் என் அலுவலகத்தில் எதிர் மேஜை. சிதம்பரத்தில் எனக்கு அடுத்த தெரு. அதாவது வேலை நேரத்திலும் தப்ப முடியாது, பஸ்ஸிலும் தப்ப முடியாது. அவர் வீட்டு பீரோ நிறைய கேசட்டுகள். அவற்றைப் போட்டுக் கேட்க ஒரு டேப் ரிக்கார்டர்கூட வேலை செய்யவில்லை என்பது வேறு விஷயம். நூறு பாட்டு அடங்கிய சி.டி. ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். "கேக்கும், சார். ஆனா கேசட்டுல இருந்த ஒரு இது இதுல இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். துக்க வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு என் காதருகே குனிந்து, "இந்த மாதிரி நேரத்துக்குன்னே எண்பத்தொண்ணுல ஒரு பாட்டு இருக்கு" என்று சொன்ன மனிதர் அவர்.

எண்பத்துநாலோடு ஏன் நிறுத்திக்கொண்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அந்த வருஷத்தோட முடிஞ்சி போச்சு சார். அதுக்கப்புறம் மனசுல ஒட்டுற மாதிரி ஒண்ணுமே வரல" என்றார், உண்மையான வருத்தத்தோடு. எண்பத்துநாலு ஆவணியில்தான் அவருக்குக் கல்யாணம். இந்தப் பொருத்தத்தை அவர் கவனித்ததில்லை. அவர் மனைவி அமராவதி கவனித்திருக்கிறார்.

சாயங்காலம் ஆனால் கடலூர் பஸ் நிலையத்தில் அவரைப் பார்க்க வேண்டும். சிதம்பரம் போகும் பஸ்கள் வரிசையாக வந்து, நடத்துநர்கள் தொண்டை கிழியக் கூவி, காலி சீட்டோடு கிளம்பிப் போகும். ராஜவேல் அசைய மாட்டார். எண்பதுகளின் பாட்டு போடுகிற ஒரு தனியார் பஸ் உண்டு. அதற்காக நிற்பார், என்னையும் நிறுத்துவார். அதில் ஏறி, ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்தால் முடிந்தது. ரசாயனக் கம்பெனிகளின் நாற்றம் வீசும் செம்மங்குப்பம் தாண்டும்போது பஸ் முழுக்க மூக்கில் கைக்குட்டையை வைத்திருக்கும். அவர் மட்டும் மூச்சை இழுத்து இழுத்து ரசித்துக்கொண்டு வருவார்.

இந்த மனிதர் கையில்தான் செல்போன் கம்பெனிக்காரர்கள் காலர் டியூனைக் கொடுத்தார்கள். நாம் ஒருவரைக் கூப்பிட்டால், அவர் எடுக்கும்வரை நம் காதில் அவருடைய பாட்டு ஓடும். நமக்கும் அது பிடித்திருந்தால் ஸ்டார் பட்டனை அழுத்தினால் போதும், அதே பாட்டு நம் போனுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நடுவில் ஒரு பெண்குரல் வந்து சொல்லிவிட்டுப் போகும். ராஜவேல் எண்பத்திரண்டில் வந்த ஒரு பாட்டைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டார். வைத்தபிறகு ஒரே ஒரு குறை. "என் பாட்டு ஊருக்கே கேக்குது. எனக்கு மட்டும் கேக்கலியே சார்" என்று புலம்பினார். அன்று பூராவும் என் போனை வாங்கித் தன் நம்பருக்குத் தானே அடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அது போகட்டும், ஊரில் யாருக்கு இந்த ஆசை இல்லை? ஆனால் இவர் மற்றவர்களின் காலர் டியூனைக் கேட்டு அவர்கள் குணத்தை எடைபோட ஆரம்பித்தார். நல்ல பாட்டு வைத்திருந்தால் யோக்கியர். புதுப்பாட்டு வைத்திருந்தால் கொஞ்சம் தள்ளியே இருக்க வேண்டிய ஆள். குத்துப்பாட்டு வைத்திருந்தால்? சொல்கிறேன்.

அவருடைய ஒரே மகள் சுவேதா பி.எட். முடிக்கப்போகும் சமயம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் அருள்முருகன், செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் கெமிஸ்ட். தரகர் சிங்காரம் ஜாதகமும் போட்டோவும் கொண்டுவந்தார். ஜாதகம் பொருந்தியது. போட்டோ அதைவிட நன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும், பீரோ மேல் வைத்த போட்டோ சுவேதாவின் பாடப் புத்தகத்துக்குள் போய்விட்டது. பையனின் அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, பெண் பார்க்க வரச்சொல்வது மட்டும்தான் பாக்கி.

அந்த போனை ராஜவேல் அலுவலகத்தில் வைத்துத்தான் போட்டார். முகம் மலர்ச்சியாக இருந்தது. போனைக் காதில் வைத்த மறுகணம், வாயில் வேப்பெண்ணெய் ஊற்றினாற்போல் கோணிக்கொண்டது. அந்தப் பக்கம் அந்த வருஷத்துக் குத்துப்பாட்டு ஒன்று விசிலும் தாரை தப்பட்டையுமாக அலறியது எனக்கே கேட்டது. போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, சத்தம் நின்றால் போதும் என்று கட்டைவிரலுக்கு அகப்பட்ட பட்டனையெல்லாம் அழுத்தி, ஒருவழியாகக் கட் செய்தார்.

"வேணாம் சார்" என்றார். "இந்தப் பாட்ட வச்சிருக்கற வீட்ல எம்பொண்ணு எப்படி சார் குடும்பம் நடத்துவா?"

ஐந்து நிமிடத்தில் அந்த நம்பரிலிருந்தே திரும்ப அழைப்பு வந்தது. பெயரைப் பார்த்தார், எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

வீட்டில் நடந்ததை அமராவதி அம்மாள் பிறகு என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். "பையன் குடிக்கறானாங்க? இல்ல. வேல சரியில்லையா? அதுவும் இல்ல. அப்புறம் என்னாங்க ஒங்களுக்குன்னு கேட்டேன். 'பாட்டு சரியில்ல'ங்கறாரு. இத நான் வெளியில எப்படி சொல்லுவேன்?" சுவேதாவும் பேசிப் பார்த்திருக்கிறாள். "நான் கட்டிக்கப்போறது அவர, அவுங்க அப்பா போன இல்லப்பா." அதற்கு ராஜவேல் ரேடியோவைத் திருப்பினாராம். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போட்டோவையும் திருப்பித் தரவில்லை. அதற்குள் சிங்காரம் வேறொரு செய்தியோடு வந்தார்: அந்தப் பக்கமும் பின்வாங்குகிறார்கள், என்னமோ பிடிக்கவில்லையாம்.

அந்த வாரம் ஒருநாள் ராஜவேலுக்கு நான் போன் செய்தேன். என் காதில் எண்பத்திரண்டு வரவில்லை. விசிலும் தாரை தப்பட்டையும் வந்தன. மேல்பட்டாம்பாக்கத்துப் பாட்டேதான். விஷயம் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சத்தத்தை நிறுத்துகிறேன் என்று கண்டபடி அழுத்தியதில் மனிதர் ஸ்டாரையும் அழுத்தி, அந்தப் பாட்டைத் தன் தலையிலேயே கட்டிக்கொண்டுவிட்டார். வீட்டிலிருந்து அவருக்கு மிஸ்டு கால்தான் போகும், அதை யாரும் காதில் வைத்துக் கேட்பதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் கேட்டோம். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எத்தனை வயலினுக்கு நான் கண்ணை மூடியிருப்பேன், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அதே பாட்டு பஸ். ராஜவேலுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர். நான் அவர்களுக்குப் பின் சீட்டில். பஸ் கடலூரைத் தாண்டியதும் பாட்டு ஆரம்பித்தது. பல்லவி முடியும் நேரத்தில் ராஜவேலின் விரல் மேலே போனது. பெரியவரின் விரலும் போனது.

"இப்ப வரும் பாருங்க" என்றார்கள் இருவரும், ஒருவரைப் பார்த்து ஒருவர்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பிரிந்த சகோதரர்கள் சேர்ந்தாற்போல் ஆகிவிட்டது. பெரியவர் சிதம்பரத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போகிறவர். இந்த பஸ்ஸுக்காக மூன்று பஸ்களை விட்டிருக்கிறார். ராஜவேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் எண்பத்துமூன்று வரை அலசி முடித்து, குடும்ப விஷயத்துக்கு வந்தார்கள்.

"எம்பையனுக்கு ஒரு எடம் கூடி வந்துது சார். பொண்ணு போட்டோவ பாத்துட்டு ஒத்தக்கால்ல நிக்கறான்" என்றார் பெரியவர். "பொண்ணோட அப்பா போன் பண்ணாரு. எடுக்கறதுக்குள்ள கட் ஆயிடுச்சி. நான் திருப்பி அடிச்சேன். காதுல ஒரு குத்துப்பாட்டு, சார். வயசான மனுசன் வச்சிருக்கற பாட்டா அது?"

"பொண்ணு குடுக்கற வயசுல." ராஜவேல் காதைப் பொத்திக்கொண்டார்.

"அதான் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். பையன் எங்கிட்ட பேசறதில்ல."

"பேசலன்னா போறான். நீங்க செஞ்சதுதான் கரெக்ட்டு. அந்த மாதிரி வீட்ல வளந்த பொண்ணு ஒங்க வீட்டுக்கு வந்தா என்னா ஆவும்? தப்பிச்சீங்க."

பின் சீட்டில் நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. உடனே சுவேதா சாப்பிடாமல் இருந்த இரண்டு நாளும் நினைவுக்கு வந்தது. இனி சொல்லாமல் இருப்பது பாவம் என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பெரியவரே செல்போனை எடுத்துவிட்டார்.

"நம்பர் சொல்லுங்க சார். ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன், சேவ் பண்ணிக்குங்க."

ராஜவேல் சொன்னார். பெரியவர் அழுத்தி முடித்ததும் தன் போனை உற்றுப் பார்த்தார். அதில் சிதம்பரம் பெண் வீடு என்று வந்திருந்தது. ராஜவேல் போனிலோ மேல்பட்டாம்பாக்கம். காது கொஞ்சம் மந்தம் என்பதால் பெரியவர் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்திருந்தார். விசில் அரை பஸ்ஸுக்குக் கேட்டது.

"இது என் போனா பாடுது?" என்றார் ராஜவேல். பதற்றத்தில் கட் செய்துவிட்டு, தன் போனிலிருந்து பெரியவர் நம்பருக்கு அடித்தார். அங்கேயும் அதே விசில்.

பெரியவர் கண்ணாயிரம் ராஜவேலின் போனை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டார். தன் வீட்டுப் பாட்டை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. "நான் ஒண்ணும் வைக்கலியே, சார். ரீசார்ஜ் பண்ண கடையில ஏதோ கேட்டான். சரின்னு சொன்னேன்" என்றார்.

இருவரும் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வரட்டுங்களா?" என்றார் கண்ணாயிரம் மெதுவாக.

ராஜவேல் வாயைத் திறந்தார். மகளின் வாழ்க்கைக்கு அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி. ஸ்பீக்கரில் அடுத்த பாட்டின் பல்லவி முடிந்துகொண்டிருந்தது. அவர் விரல் மேலே போனது. கண்ணாயிரமும் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டார். வயலின் வந்து, போய், சரணம் ஆரம்பித்த பிறகுதான், "வாங்க சம்பந்தி" என்றார் ராஜவேல்.

தை மாதம் சிதம்பரத்தில் கல்யாணம். மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர் பக்கத்தில் இரண்டு சம்பந்திகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எண்பத்துநாலைத் தாண்ட விடாமல் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. சுவேதா கேட்டிருக்கிறாள். அந்தக் குத்துப்பாட்டுதானாம். அவளுக்கும் அதுதானாம். அப்பாக்களிடம் சொல்வதாக இல்லை என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். இந்த ராஜவேல் மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும் என்று ஒரு பெயரும் உங்கள் மனதில் வந்திருக்கும். நல்லது. அந்தப் பெயருக்கு உரியவரும் இதைப் படித்துவிட்டு உங்கள் பெயரைத்தான் நினைப்பார். உங்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு உங்கள் போன் என்ன பாடிக் காட்டுகிறது என்று நிச்சயமாகத் தெரியுமா உங்களுக்கு? பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி உங்கள் நம்பரை ஒருதரம் அடித்துப் பாருங்கள்.

நான் போன வாரம் அடித்துப் பார்த்தேன். என்ன பாட்டு என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் பல மாதமாகத் தெரியுமாம். ராஜவேல் உட்பட ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.